கண்ணாடி பாட்டிலுக்குள் காரவள்ளி

கொல்லிமலைத் தேன் விற்கிற ஒருவருக்கு நீங்க போஸ்டர் செய்து தரணும்னு வச்சுக்குவோம். கையில் இரண்டு படம் இருக்கு. ஒன்று, ஹாஸ்டல் அறையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்த கண்ணாடித் தேன் பாட்டில். இன்னொன்று, மலையடிவாரம் காரவள்ளியில் நின்று எடுத்தது. பின்னால் மலைச்சரிவு, முன்னால் ஒரு சிமென்ட் திண்டு. பாட்டிலை ஓரம் பார்த்து வெட்டித் திண்டின் மேல் ஒட்டியாச்சு. ஓரம் சுத்தம், அளவு சரி, நிழல்கூடப் போட்டாச்சு. ஆனால் யாரிடம் காட்டினாலும் ஒரே நொடியில் "ஒட்டுனதுதானே?" என்கிறார்கள். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கும் பதில் தெரியாது.

காட்டிக்கொடுத்தது ஹாஸ்டல் சுவர். அது பாட்டிலுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பாட்டிலைச் சுற்றி மலை. பாட்டில் வழியாகப் பார்த்தால் வெள்ளைச் சுவர். பாட்டிலின் தோள்பட்டையில் பளிச்சென்று நீளமாக மின்னுவது காரவள்ளி வானம் இல்லை, உங்கள் அறையின் ட்யூப் லைட். நம் கண்ணுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து டம்ளரும் பாட்டிலும் பார்த்துப் பழகியிருப்பதால், கணக்கு தப்பினால் மட்டும் உடனே தெரிந்துவிடும்.

தேன் விஷயத்தில் இது சின்னப் பிரச்சினை இல்லை. 'கொல்லிமலைத் தேன்' என்று சொன்னதுமே வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரிஜினலா?" தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பவர், தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்திப் பார்ப்பவர் எல்லாம் உண்டு. (அந்தச் சோதனைகளை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்பது தனிக் கதை.) இப்படிச் சந்தேகத்தோடு வருகிறவர் முன்னால் படமே போலியாகத் தெரிந்தால், உள்ளே இருக்கிற தேனையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார். நஷ்டம் உங்களுக்கு இல்லை, தேன் விற்கிறவருக்கு.

அதனால் முதலில் ஒரு விஷயத்தை மாற்றிக்கோங்க. கண்ணாடி பாட்டிலை ஒரு பொருளாக நினைத்துப் படம் எடுக்காதீங்க. அது நிற்கப்போகிற இடத்தை வளைத்துக் காட்டுகிற லென்ஸாக நினைத்து எடுங்க. மற்ற எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

பாட்டில் உண்மையில் என்ன செய்கிறது?

மண்பானைக்குச் சொந்தமாக ஒரு நிறமும் சொரசொரப்பும் உண்டு. எங்கே எடுத்தாலும் பானை பானைதான். வெளிச்சத்தின் திசை மட்டும் ஒத்துப்போனால் வெட்டி ஒட்டிவிடலாம். கண்ணாடிக்கு அப்படிச் சொந்த முகம் கிடையாது. மேலே விழும் ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, மீதியை வளைத்து உள்ளே விடுகிறது. நாம் 'பாட்டில்' என்று பார்ப்பது அந்த இரண்டையும்தான்.

திருப்பி அனுப்புவது எவ்வளவு? சாதாரண பாட்டில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52. காற்றிலிருந்து நேராக விழும் ஒளியில் கிட்டத்தட்ட 4 சதவீதம் திரும்பிவிடும். காலி பாட்டிலில் ஒளி கடக்க வேண்டிய பரப்புகள் நான்கு: முன் சுவரின் வெளிப்பக்கம், உள்பக்கம், பின் சுவரின் உள்பக்கம், வெளிப்பக்கம். இதே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூறு சொல்கிறது. நம்ம ஒளி நான்கைத்தான் துளைக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் 4 சதவீதம் வரி கட்டிவிட்டுப் போகிறது. 0.96-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்க. கடைசியில் மிஞ்சுவது 85 சதவீதம்.

தேன் நிரம்பிய பாட்டிலில் கதை வேறு. தேனின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.49. ஈரப்பதம் கூடினால் அது குறையும். தேனில் தண்ணீர் எவ்வளவு என்று ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பார்ப்பது இந்தக் குணத்தை வைத்துத்தான். 1.52-க்கும் 1.49-க்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவு என்பதால் கண்ணாடியும் தேனும் சந்திக்கும் இடத்தில் பிரதிபலிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். உள்சுவர் இரண்டும் கண்ணுக்குக் காணாமல் போய்விடும். மெழுகுவர்த்தி ஒன்றைக் காட்டிப் பாருங்க. காலி பாட்டிலில் சுடரின் பிம்பங்கள் நான்கு வரை எண்ணலாம், தேன் பாட்டிலில் இரண்டுதான். இதனால்தான் காலி பாட்டிலைப் படமெடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் தேன் நிறத்தை ஊற்றுகிற குறுக்குவழி எப்போதும் மாட்டிக்கொள்கிறது. நிறம் நிரம்பிவிடும், ஆனால் மறைந்திருக்க வேண்டிய உள்சுவரின் கோடு அப்படியே நிற்கும்.

உள்சுவர் மறைந்தால் தேன் பாட்டில் என்பது ஒரு கெட்டியான உருளை லென்ஸ். அதன் குவியம் மையத்திலிருந்து சுமார் 1.5 மடங்கு ஆரத்தில் விழும். 7 செ.மீ. விட்டமுள்ள பாட்டில் என்றால் மையத்திலிருந்து 5.3 செ.மீ., அதாவது பின்சுவரிலிருந்து 2 செ.மீ.கூட இல்லை. அந்தக் குவியத்தைத் தாண்டி இருக்கிற எல்லாமே இடம் வலமாகப் புரண்டு தெரியும். மேல் கீழாக இல்லை, ஏனென்றால் பாட்டில் ஒரு திசையில்தான் வளைந்திருக்கிறது. ஒரு தாளில் அம்புக்குறி வரைந்து தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்து மெதுவாக விலக்கிப் பாருங்க. தண்ணீருக்குக் குவியம் கொஞ்சம் தள்ளி, ஆரத்தைப் போல இரண்டு மடங்கில் வரும். அதைத் தாண்டிய உடனே அம்பு திரும்பிக்கொள்ளும்.

ஆக, போஸ்டரில் மலைச்சரிவு இடமிருந்து வலமாக ஏறுகிறது என்றால், பாட்டிலுக்குள் அது வலமிருந்து இடமாக ஏற வேண்டும். இதைச் செய்யாமல் 'ஒப்பாசிட்டி'யை 60 சதவீதமாகக் குறைத்துவிட்டால் கண்ணாடி வராது, பாலிதீன் கவர்தான் வரும்.

விளிம்பில் இன்னும் வேடிக்கை. பாட்டிலின் ஓரத்தை உரசிக்கொண்டு நுழையும் கதிர் 90 டிகிரிக்கும் கொஞ்சம் அதிகமாக வளைந்து போகிறது. அப்படியென்றால் பாட்டிலின் இரு ஓரங்களிலும் தெரிவது பின்னால் இருப்பது இல்லை, பக்கவாட்டில் இருப்பது. நீங்கள் எடுத்த மலைப்படத்தில் இல்லவே இல்லாத புளியமரமோ, கடையோ, நிறுத்திவைத்த பஸ்ஸோ அந்த ஓரத்தில் மெல்லிய கோடாக இருக்க வேண்டும். பின்னணிப் படம் ஒன்று மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

கணக்காகப் பார்த்தால்

லூகாஸ் ஃபிலிமில் வேலை பார்த்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-ல் எழுதிய கட்டுரைதான் இன்றைக்கும் எல்லா லேயர் மென்பொருளுக்கும் அடிப்படை. ஒவ்வொரு புள்ளிக்கும் 'ஆல்ஃபா' என்று ஓர் எண். முன்னால் இருப்பதை ஆல்ஃபாவாலும், நேர் பின்னால் இருப்பதை ஒன்று கழித்தல் ஆல்ஃபாவாலும் பெருக்கிக் கூட்டினால் முடிந்தது வேலை. 1996-ல் ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரே நிறப் பின்னணியில் எடுத்த படத்திலிருந்து ஆல்ஃபாவைப் பொதுவாகக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் தெரியாதவை நான்கு, சமன்பாடுகள் மூன்று. அதே பொருளை இரண்டு வேறு பின்னணிகளில் எடுத்தால் சமன்பாடுகள் ஆறாகிவிடும், விடை கிடைத்துவிடும். கறுப்புத் துணி, வெள்ளைத் துணி இரண்டிலும் எடுங்கள் என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் லாஜிக் அதுதான்.

ஆனால் இரண்டு கட்டுரைகளிலும் 'நேர் பின்னால்' என்ற அனுமானம் இருக்கிறது. புகைக்கும் வலைத்துணிக்கும் அது சரி. தேன் பாட்டிலின் ஒரு புள்ளியில் தெரியும் மலை, அந்தப் புள்ளிக்கு நேர் பின்னால் இருக்கும் மலை இல்லையே. இந்த ஓட்டையை அடைத்தது 1999-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோங்கர், வெர்னர், கர்லெஸ், சாலஸின் குழு. பொருளுக்குப் பின்னாலும் பக்கங்களிலும் திரைகளை வைத்து, அவற்றில் வரிக்கோடுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, பாட்டிலின் எந்தப் புள்ளி திரையின் எந்த இடத்தைப் பார்க்கிறது என்று அளந்தார்கள். 'என்வைரான்மென்ட் மேட்டிங்' என்று பெயர். நமக்கு அவ்வளவு தேவையில்லை, அதன் ஏழை வீட்டுப் பதிப்பு ஒன்று கீழே வருகிறது.

காரவள்ளியில் எடுக்க வேண்டியவை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் காரவள்ளி. 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் இருக்கிற சமதளம். மலை இங்கிருந்து கிழக்குப் பக்கம் எழும்புகிறது. இது முக்கியம், ஏனென்றால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வரும். சரிவு நீலம் பூத்துத் தட்டையாகத் தெரியும், மரம் மரமாகப் பிரிந்து தெரியாது. 'மலை நல்லா விழலையே' என்று பலர் மாலைக்குக் காத்திருப்பார்கள். மாலையில் பச்சை அள்ளும், உண்மைதான். ஆனால் மாலையில் வெளிச்சம் பாட்டிலின் முகத்தில் விழும். தேன் கறுத்த கஷாயம் மாதிரி நிற்கும். தேனுக்கு உயிர் வருவது வெளிச்சம் பின்னாலிருந்து அதன் வழியாக வரும்போதுதான். என் ஓட்டு காலைக்கே: சூரியன் மலைமுகட்டைத் தாண்டி அடிவாரத்தில் வெயில் விழ ஆரம்பிக்கிற நேரம்.

சரி, பாட்டிலையே அங்கே கொண்டுபோய் எடுத்தால் என்ன? தாராளமாக. ஒரே பாட்டில், ஒரே போஸ்டர் என்றால் அதுதான் சரியான வழி, இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஆனால் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று மூன்று அளவு. அடுத்த மாதம் லேபிள் மாறும். அதன் பிறகு மிளகு பாட்டில், காபித்தூள் பாட்டில் வரும். அந்தக் காலை வெளிச்சமோ கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் வண்டி பிடித்து வர முடியாது. அதனால் இடத்தை ஒருமுறை முழுசாக எடுத்து வைத்துக்கொள்வது லாபம்.

கூடவே தேன் நிரப்பிய ஒரு மாதிரி பாட்டிலைக் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க. லேபிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, பாட்டில் நிற்கப்போகிற இடத்தில் இதை வைத்து, இதன் மேல் ஃபோகஸ் செய்து ஒரு படம். பிறகு எதையும் தொடாமல் பாட்டிலை மட்டும் எடுத்துவிட்டு அதே ஃபோகஸில் இன்னொரு படம். இரண்டாவதுதான் உங்கள் பின்னணி. மலை அதில் மங்கலாக இருக்கும், அப்படித்தான் இருக்கணும். கம்ப்யூட்டரில் பிறகு போடும் 'பிளர்' இவ்வளவு ஒழுங்காக வராது. முதல் படம் உங்கள் விடைத்தாள். ஓரத்தில் கறுப்புக்கோடு எவ்வளவு தடிமன், பாட்டிலுக்குள் வானம் எங்கே முடிகிறது, எல்லாவற்றுக்கும் சந்தேகம் வரும்போது அதைத் திறந்து பார்க்கலாம்.

மூன்றாவதாக, மலையின் மேல் ஃபோகஸ் செய்து, எஃப் 11 மாதிரி சின்ன அப்பர்ச்சரில் கூர்மையாக ஒரு படம். 'மங்கல் படம்தான் பின்னணி என்றால் இது எதுக்கு?' என்று கேட்கலாம். பாட்டிலுக்குள் வைக்க. உருளை லென்ஸ் தூரத்து மலையைக் கொண்டுவந்து தனக்குப் பக்கத்திலேயே பிம்பமாக்குகிறது. கேமரா பாட்டிலின் மேல் ஃபோகஸ் ஆகியிருப்பதால் வெளியே மங்கலாக இருக்கும் மலை, பாட்டிலுக்குள் கூர்மையாகத் தெரியும். கண்ணாடிக் கோளம் வைத்து எடுக்கும் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் பாட்டில் கோளம் இல்லையே, பக்கவாட்டில் மட்டும்தானே குவிக்கிறது? அதனால் நெட்டாக நிற்கும் மரத்தண்டு கூர்மையாகவும், கிடையாகப் போகும் மலைமுகட்டுக் கோடு மங்கலாகவும் வரும். ஒரே பிம்பத்தில் ஒரு திசை கூர்மை, மறு திசை மங்கல். விடைத்தாளைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெரியும்.

நான்காவதாகச் சுற்றுப்புறம். பாட்டில் நின்ற இடத்தில் போனை வைத்து 360 டிகிரிக்கும் பனோரமா எடுத்துடுங்க. பக்கங்கள் பாட்டிலின் விளிம்புக்கு, கேமராவுக்குப் பின்னால் இருப்பது பாட்டிலின் முன்முகப் பிரதிபலிப்புக்கு. அதோடு, நன்றாகத் தேய்த்த எவர்சில்வர் குழம்புக் கரண்டி ஒன்றைக் கொண்டுபோய், அதன் முதுகை அதே இடத்தில் காட்டி ஒரு படம் எடுங்க. சூரியன், வானம், மரநிழல் எல்லாம் எந்தப் பக்கம் இருந்தன என்பதற்கு அது ஒரு வரைபடம். சிரிக்காதீங்க, பால் டெபவெக் என்பவர் 1998-ல் கம்ப்யூட்டர் பொருள்களை நிஜப் படத்தில் வைக்க இதே வேலையைப் பளபளப்பான ஒரு கோளத்தை வைத்துத்தான் செய்தார். நம்மிடம் கரண்டி இருக்கு.

டேப் வைத்து மூன்று அளவு எழுதிக்கோங்க: கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரம், பாட்டில் வைத்த திண்டு எவ்வளவு உயரம், கேமராவிலிருந்து பாட்டில் எவ்வளவு தூரம். லென்ஸின் ஜூம் எதில் இருந்தது, கேமரா எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பூட்டிடுங்க. ட்ரைபாடை வளைவு ரோட்டில் வைக்க வேண்டாம். மலை இறங்கும் பஸ்ஸுக்கு அந்த முழு அகலமும் தேவை. குரங்குகள் விஷயம் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கையில் இருப்பது தேன்.

அறைக்குள்

முதல் வேலை, எழுதி வந்த அளவுகளை அப்படியே திரும்ப அமைப்பது. அதே ஜூம், அதே தூரம், அதே சாய்வு. திண்டைவிடக் கேமரா அங்கே எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, மேசையைவிட இங்கேயும் அவ்வளவு உயரம். சரியா என்று பார்க்க மூடியின் வட்டத்தைப் பாருங்க. கேமராவின் மட்டத்தில் இருக்கிற வட்டம் நேர்கோடாகத் தெரியும். கீழே போகப் போக முட்டை வடிவமாகத் திறந்துகொள்ளும். விடைத்தாளில் இருக்கிற திறப்பும் இதுவும் ஒன்றாக இல்லையென்றால் மேலே போகாதீங்க, வெளிச்சத்தால் அதை மறைக்க முடியாது.

பாட்டிலைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் துணியோடு மட்டும் பிடிங்க. கைரேகை வெறும் கண்ணுக்குத் தெரியாது, பின்வெளிச்சத்தில் தெரியும்.

இப்போ முதல் படம்: வெளிச்சப் பின்னணி. பாட்டிலுக்குப் பின்னால் ட்ரேசிங் பேப்பர், அதற்கும் பின்னால் விளக்கு. பேப்பர் ஃபிரேமை நிரப்பினால் போதும், அதற்கு மேல் பெரிதாக வேண்டாம். ஃபிரேமுக்கு வெளியே இருபுறமும் கறுப்பு சார்ட் நிறுத்துங்க. விளிம்பு பக்கவாட்டைப் பார்க்கிறது என்று சொன்னோமே, அந்தக் கறுப்பு சார்ட்தான் பாட்டிலின் ஓரத்தைக் கறுப்புக் கோடாக வரைந்து தரும். புத்தகங்கள் இரண்டு பக்கமும் கறுப்பு வைக்கச் சொல்லும். நீங்க பனோரமாவைப் பாருங்க. இடது பக்கம் மரக்கூட்டம் என்றால் இடது பக்கம் கறுப்பு. வலது பக்கம் திறந்த வெளியும் வானமும் என்றால் அங்கே கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளை. அறையில் நிற்கும் ஒவ்வொரு அட்டையும் காரவள்ளியில் இருக்கிற ஏதோ ஒன்றுக்குப் பதிலாக நிற்கிறது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது படம்: இருட்டுப் பின்னணி. பின்னால் கறுப்புத் துணி, அறை விளக்கெல்லாம் அணை. வானத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளை பெட்ஷீட், அதன் மேல் மட்டும் வெளிச்சம். இப்போது பாட்டிலில் தெரிவது வெறும் பிரதிபலிப்பு. பெட்ஷீட் எந்தப் பக்கம், எவ்வளவு அகலம் என்பதைக் கரண்டிப் படம் சொல்லும். கேமராவும் நீங்களும் பாட்டிலில் தெரியாமல் இருக்க, கறுப்பு சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டிடுங்க. சிலர் போலரைசர் மாட்டிப் பிரதிபலிப்பை மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். கண்ணாடியில் அது நன்றாக வேலை செய்வது 57 டிகிரி வாக்கில் சாய்ந்த பரப்பில்தான், அதுவே ப்ரூஸ்டர் கோணம். அங்கங்கே மட்டும் மினுமினுப்பு காணாமல் போனால் பாட்டில் திட்டுத்திட்டாக இருக்கும். கழற்றி வைங்க.

மூன்றாவது, சொன்ன அந்த ஏழை வீட்டுப் பதிப்பு. காமன் ரூம் டிவியில் மலையின் கூர்மையான படத்தைப் போட்டு, அதற்கு முன்னால் ஒரு முழம் தள்ளிப் பாட்டிலை நிறுத்தி, இருட்டில் எடுங்க. மலை தானாகவே புரண்டு, சுருங்கி, வளைந்து பாட்டிலுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பக்கங்களுக்கு இரண்டு லேப்டாப்பில் பனோரமாவின் இரண்டு பக்கங்கள். பிம்பம் ரொம்பச் சுருங்கிவிடுவதால் திரையின் புள்ளிகள் தெரியாது. டிவி கிடைக்காவிட்டால் கையால்தான்: கூர்மையான படத்தை இடம் வலமாகத் திருப்பு, பக்கவாட்டில் நசுக்கு, ஓரம் நோக்கி வளை, மேல் கீழ்த் திசையில் மட்டும் 'மோஷன் பிளர்' கொஞ்சம் போடு. டிவியில் எடுத்ததை இன்னொரு முறை திருப்பிவிடாதீங்க, அது ஏற்கெனவே திரும்பித்தான் இருக்கு.

சேர்ப்பது

அடியில் மங்கலான பின்னணி. அதன் மேல், பாட்டில் வடிவ மாஸ்க்குக்குள் புரண்ட மலை. அதன் மேல் வெளிச்சப் பின்னணிப் படம் 'மல்டிப்ளை' முறையில். அது தேனின் நிறத்தையும் கறுத்த ஓரத்தையும் தரும். எல்லாவற்றுக்கும் மேலே இருட்டுப் பின்னணிப் படம் 'ஸ்க்ரீன்' முறையில். கறுப்பு காணாமல் போய் மினுமினுப்பு மட்டும் நிற்கும். ஒளியோடு ஒளி சேர்வது கூட்டல் கணக்கு என்பதால், 32 பிட் லீனியரில் வேலை செய்கிறவர்கள் ஸ்க்ரீனுக்குப் பதில் 'லீனியர் டாட்ஜ்' எடுக்கலாம். மூடியும் லேபிளும் ஒளி புகாதவை. அவற்றைப் பழையபடி வெட்டி ஒட்டினால் போதும்.

ஓர் இடத்தில் கவனம். டிவி முன்னால் எடுத்தது தேன் நிரம்பிய பாட்டில் என்றால் தேன் நிறம் அதிலேயே வந்துவிட்டது. மேலே மல்டிப்ளையும் போட்டால் நிறம் இரண்டு தடவை ஏறிக் கருப்பட்டிப் பாகு ஆகிவிடும். அப்போது வெளிச்சப் படத்தை ஓரங்களுக்கு மட்டும் மாஸ்க் செய்து வைத்துக்கோங்க.

இதே லேயரில்தான் ஆசையும் வரும். ஸ்லைடரைக் கொஞ்சம் நகர்த்தினால் தேன் தங்கம் மாதிரி ஜொலிக்கும். பூவுக்குப் பூ, பருவத்துக்குப் பருவம் தேனின் நிறம் மாறும். கறுத்த தேன் மட்டமான தேன் இல்லை. மலையை ஒட்டலாம், வானத்தை ஒட்டலாம். விற்கப்போகிற தேனின் நிறத்தை மட்டும் தொடாதீங்க. பாட்டில் வீட்டுக்கு வந்ததும் வாங்கியவர் போஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போவது அந்த ஒன்றைத்தான்.

கடைசியாக நிழல். தேன் பாட்டிலின் நிழல் முழுக்கக் கறுப்பாக இருக்காது. நடுவில், குவிந்த வெளிச்சம் செம்மஞ்சள் வாளாக நீண்டு கிடக்கும். காலை வெயில் பின்னாலிருந்து வருவதால் அது பாட்டிலுக்கு முன்னால், பார்க்கிறவரை நோக்கி விழும். போஸ்டரில் கண் முதலில் போகும் இடமே அதுதான். மென்பொருளில் இருக்கும் 'டிராப் ஷேடோ' இதைத் தராது, எடுத்துத்தான் ஆகணும். சிமென்ட் பலகையோ, காரிடார் தரையோ போதும். சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம். 2 செ.மீ. முகம் உள்ள டார்ச்சை ஏறக்குறைய 2.15 மீட்டர் தூரத்தில் பிடித்தால் அதே அரை டிகிரி. காரவள்ளியில் வெயில் எந்தக் கோணத்தில் இறங்கியதோ அந்த உயரத்தில் டார்ச்சைக் கட்டி, மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு படம். நிழலை மல்டிப்ளையில், வெளிச்ச வாளை ஸ்க்ரீனில் தனித்தனியாக வைங்க.

அந்த வாள் நிஜ வெயிலில் சூடானது. குவியம் பின்சுவரிலிருந்து 2 செ.மீ.க்குள் என்று கணக்குப் போட்டோமே, அங்கே காய்ந்த சருகு இருந்தால் பற்றிக்கொள்ளலாம். கோடையில் அடிவாரத்தில் படமெடுக்கும்போது பாட்டிலைத் திண்டின் மேலேயே வைங்க. சட்டகம் பார்க்கப் போகிற இடைவெளியில் புல்லில் இறக்கி வைக்க வேண்டாம், கிளம்பும்போது மாதிரி பாட்டிலை எண்ணிப் பையில் போட்டுக்கோங்க.